பாக் சாமியாருக்கு ஒரு பூசை

கொட்டாஞ்சேனையில் எங்கள் கோயிலில் பாக் சாமியாருக்கு வருடத்தில் ஒரு பூசை ஒப்புக்கொடுப்போம். நவம்பர் இரண்டாம் திகதி, மரித்தவர்களின் நினைவுநாளில், மாலைப் பூசை. பாடகர் குழுவில் இருந்து இறந்துபோனவர்களின் பெயர்களை அன்று பீடத்தில் வாசிப்பார்கள். முதல் பெயர் பாக் சாமியார். அவருக்குப் பின்னால்தான் எங்கள் ஆட்கள் எல்லோரும் வருவார்கள்.

ஆம், அந்தப் பாக்தான். சங்கீதம் எழுதிய ஜேர்மன்காரர். தலையில் வெள்ளைப் பொய்முடி வைத்துக்கொண்டு படத்தில் முறைத்துக்கொண்டிருப்பாரே, அவரேதான். சிரிப்பதானால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். நாங்கள் போதுமான அளவு சிரிப்பைப் பார்த்துவிட்டோம்.

எங்களிடம் ஒரு சாவுப் பாட்டு இருக்கிறது. நான்கு குரலில் பாடுவது. நான் போகிற நேரத்தில் நீர் என்னை விட்டுப் போகவேண்டாம் என்று ஆண்டவரைக் கேட்கிற பாட்டு. இசைக்கட்டு பாக்கினுடையது. தமிழ் யாருடையது என்று யாருக்கும் தெரியாது. எந்தக் காலத்திலோ ஒருவர் கையால் எழுத, அதைப் பார்த்து இன்னொருவர் எழுத, பிறகு ரோனியோ அடித்து, பிறகு போட்டோகொப்பி எடுத்து எங்கள் கைக்கு வந்த தாள் அது. அதன் தலையில் ‘அருளப்பர் செபஸ்தியான் பாக்’ என்று இருக்கும். யோகான் என்ற பெயரை அந்தக் காலத்துக் கத்தோலிக்கர் அருளப்பர் என்றுதான் எழுதினார்கள். இரண்டு அர்ச்சிஷ்டவர்களின், அதாவது புனிதர்களின், பெயரை ஒன்றாகச் சுமந்துகொண்டு, இப்படி ஒரு பாட்டையும் எழுதியவர் குருவானவராக அல்லாமல் வேறு யாராக இருக்க முடியும்? எங்கள் முன்னோர் அப்படித்தான் முடிவு கட்டினார்கள். அவர் கொட்டாஞ்சேனையிலேயே பங்குச் சாமியாராக இருந்து கொலராவில் செத்தார் என்றுகூடச் சிலர் சொல்வார்கள். கொலராவைக் கொண்டுவந்தது யார் என்று தெரியவில்லை.

வயதானவர்களுக்குப் ‘பாக்’ என்று நிறுத்த வராது. பாக்குச் சாமியார் என்பார்கள்.

என் பெயர் யோசெப்பின். கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் முகவர் நிலையத்தில் இறக்குமதிப் பத்திரங்கள் பார்க்கிறேன். கலியாணம் கட்டவில்லை, அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை. பள்ளிக்கூடம் விட்ட காலத்திலிருந்து குழுவில் ஆல்ட்டோ பாடுகிறேன். ஆல்ட்டோ என்றால் நடுவில் மாட்டிக்கொண்ட குரல். மேலே சொப்பிரானோ மினுக்கும், கீழே பேஸ் முழங்கும். நாங்கள் பாடாமல் நின்றால் மட்டும் ஏதோ குறைகிறதே என்று ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

பேஸ் பாடியவன் என் தம்பி றேமண்ட். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். நல்ல உயரம், அதைவிடப் பெரிய வாய்.

போன வருட நவம்பர்ப் பூசைக்கு வெள்ளவத்தையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். துஷாந்தினி. ஜேர்மனியில், லைப்சிக் என்கிற ஊரில் ஐந்து வருடம் இசை படித்துவிட்டு வந்தவள். பழைய பாட்டுத் தாள்களைத் தேடிக்கொண்டு கோயில் கோயிலாகத் திரிந்தாளாம். பீடத்திலிருந்து பழைய பங்குத்தந்தை ‘பாக் சாமியார்’ என்று வாசித்ததும் அவள் போனை எடுத்து வீடியோ பிடித்துவிட்டாள். அன்று இரவே பேஸ்புக்கில் போட்டாள். ‘கொட்டாஞ்சேனையில் பாக் குருப்பட்டம் பெற்றார்’ என்று அதற்குத் தலைப்பு.

இரண்டு நாளில் ஊர் உலகம் பார்த்துவிட்டது. இருபது பிள்ளை பெற்ற சாமியார் என்று ஒருவர் எழுதினார். பாக்குச் சாமியார் இருந்தால் வெற்றிலைச் சாமியார் எங்கே என்று இன்னொருவர். என் அலுவலகத்தில் மேசைக்கு மேசை அதைப் போட்டுக் காட்டினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நான் அன்று யாரோடும் தேநீர் குடிக்கப் போகவில்லை.

அவர்கள் எல்லோரும் ஒன்றை நினைத்துக்கொண்டார்கள். எங்களுக்குத் தெரியாது என்று. துறைமுகத்து ஆட்கள், பாவங்கள், யாரோ சொன்னதை நம்பிக்கொண்டு ஒரு லூத்தரனுக்கு, வேறு சபைக்காரனுக்கு, பூசை வைக்கிறார்கள் என்று.

எங்களுக்கு எப்போதோ தெரியும். றேமண்ட் முதன்முதலாக ஒரு நல்ல போன் வாங்கிய கிழமையே தேடிப் பார்த்துவிட்டான். பாட்டுப் பயிற்சிக்கு வந்து, தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்து, சாவு அறிவிப்பதுபோல் அறிவித்தான்.

“எல்லாரும் இருங்கோ. எங்கட சாமியாருக்கு ரெண்டு கலியாணம். இருபது பிள்ளையள். அதுக்கு மேல ஆள் லூத்தரன்.”

முதலில் கீபோர்ட் வாசிப்பவர் சிரிக்கத் தொடங்கினார். அவ்வளவுதான். சொப்பிரானோக்காரி ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். அன்று பயிற்சியே நடக்கவில்லை. ஆனால் பெயரை எடுத்துவிடுவோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. சாமியார் என்ற சொல்லைக் கழற்றிவிடுவோம் என்றும் சொல்லவில்லை. எத்தனையோ பேரை அவருடைய பாட்டோடு மாதம்பிட்டிச் சேமக்காலைக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறோம். எங்கள் வீட்டுச் சாவுக்கு வராத உறவுக்காரர் உண்டு. அவர் ஒரு சாவுக்கும் வராமல் இருந்ததில்லை. அப்படிப்பட்ட ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட எங்களுக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே அந்த வீடியோவின் கீழே றேமண்ட் ஒரே ஒரு பதில் எழுதினான். ‘தங்கச்சி, எங்களுக்குத் தெரியும். சொப்பிரானோவுக்கு ஆள் காணாது. ஞாயிறு ஐந்து மணிக்குப் பயிற்சி. வாங்கோ.’

அவள் வந்தாள். அதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வாசலில் நின்றவளை நான் உள்ளே வா என்று சொல்லவில்லை. றேமண்ட்தான் கதிரை இழுத்துப் போட்டான்.

வந்த மூன்றாம் கிழமையே எங்களைத் திருத்தத் தொடங்கிவிட்டாள். ஜேர்மனியில் அச்சடித்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் தாளோடு ஒப்பிட்டாள். முதலில் பெயர். கடைசி எழுத்தைத் தொண்டையின் அடியிலிருந்து எடுக்க வேண்டுமாம், காறுவதுபோல. இரண்டு தரம் செய்து காட்டினாள்.

“எங்கட கிழடுகள் வெத்திலை போட்டுட்டு அப்பிடித்தானே சொல்லுதுகள்,” என்றான் றேமண்ட். “அப்ப பாக்குச் சாமியார்தான் சரி.”

அடுத்தது அவனுடைய பேஸ். மூன்றாவது வரியில் பாக் மேலே போகிற இடத்தில் எங்கள் தாளில் கீழே போகிறது. யாரோ கொப்பி எடுத்தவர் விட்ட பிழை. துஷாந்தினி பென்சிலால் வட்டம் போட்டுக் காட்டினாள்.

“அவர் மேல போகட்டும் தங்கச்சி. நான் கீழ போறன். முடிவில சந்திப்பம்.”

அவள் கோபிக்கவில்லை. இன்னொரு தரம் பாடச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு அந்தப் பென்சில் வட்டத்தை அழிறப்பரால் அழித்துவிட்டாள். அன்றைக்குத்தான் எனக்கு அவள்மேல் இருந்த கோபம் பாதியாகக் குறைந்தது.

மீதிப் பாதி போனது பஸ் நிறுத்தத்தில். அவளை வெள்ளவத்தை பஸ்ஸில் ஏற்றிவிடக் காத்திருந்தபோது கேட்டேன், ஏன் எங்களைப் பார்த்து அப்படிச் சிரித்தாய் என்று.

“எனக்கே என்னில எரிச்சல் அக்கா,” என்றாள். “அங்க என்னைக் கேட்டவை, உன்ர நாட்டில சங்கீதம் இல்லையா, ஏன் எங்கட சங்கீதம் படிக்க வந்தனீ எண்டு. இங்க வந்தா வெள்ளவத்தையில மாமிமார் கேக்கினம், ஏன் பிள்ளை வீணை படிக்கேல்ல, ஆருக்கு இந்த வெள்ளைக்காரன்ர பாட்டு எண்டு. ரெண்டு பக்கமும் விசா கேக்கிறாங்கள். நான் ஐஞ்சு வருசம் அந்தப் பேரைச் சரியாச் சொல்லப் பழகினனான். நீங்க ஒண்டையும் யோசிக்காம அந்தாளைச் சாமியாராக்கி வச்சிருக்கிறீங்க. பாத்ததும் பத்திக்கொண்டு வந்திட்டுது.”

“துறைமுகத்தில இறங்கி, கஸ்டம்ஸில கிளியர் பண்ணி, வீட்டுக்கு வந்த பிறகு அது எங்கட சாமான்,” என்றேன். “அனுப்பினவன் வந்து இதை இந்த மூலையில வை எண்டு சொல்லேலாது.”

அவள் சிரித்தாள். நான் விடவில்லை. “அங்க அவருக்கு எப்பிடிப் பூசை வைப்பினம்?”

“பூசையா? கல்லறையில பூ வைப்பினம். கச்சேரி நடக்கும், ரிக்கெற் எடுத்துப் போய்க் கேக்கலாம். பூசை இல்ல அக்கா. அவங்கட சபையில செத்தவைக்காக மன்றாடுற வழக்கமே இல்ல. செத்தவர் கடவுளிட்ட போயிட்டார், இனி நாங்க கேக்கிறதுக்கு ஒண்டும் இல்ல எண்டு நம்புறவை.”

அந்தக் கதை என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. அடுத்த பயிற்சியில் எல்லோருக்கும் சொன்னேன். செத்து இருநூற்றைம்பது வருடத்துக்கு மேல். ஊரெல்லாம் கைதட்டுகிறது. அவருடைய ஆன்மாவுக்காக ஒரு செபம் சொல்ல அவருடைய சபையில் ஆள் இல்லை. கொட்டாஞ்சேனையில் நாங்கள்தான் இருக்கிறோம்.

றேமண்டுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. “கேட்டீங்களா? நான் செத்தா என்ட பேரும் பாக் சாமியாருக்குப் பின்னால வரும். கிரேன் ஓட்டினவன் ஒருத்தன்ர பேர் வேற எந்த ஊர்ல அப்பிடி வரும்? அக்கா, அதுமட்டும் தப்பாம பாத்துக்கொள்ளுங்கோ.”

பகிடியாகத்தான் சொன்னான். ஆனால் மே மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன் ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்னமே போய்விட்டான். நாங்கள் அந்தப் பாட்டை அவன் பெட்டிக்குப் பக்கத்தில் பாடினோம். பேஸ் பாட மிஞ்சியிருந்த இரண்டு பேரும் மூன்றாவது வரியில் அழுதுகொண்டே கீழே போனார்கள். நான் பாடவில்லை, வாயை மட்டும் அசைத்தேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் எங்களுக்குப் புதிய பங்குத்தந்தை வந்திருந்தார். ஃபாதர் ஜொனாதன். மன்னார்ப் பக்கம். உரோமையில் படித்தவர், ஆனால் அதைச் சொல்லிக் காட்டாதவர். நல்ல மனுசன் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒக்டோபர் கடைசியில் நவம்பர்ப் பூசையைப் பற்றிக் கதைக்க அவருடைய அறைக்குக் கூப்பிட்டார்.

“யோசெப்பின் அக்கா, குழுவில செத்தவங்கட பேரெல்லாம் வாசிக்கிறன். பாக்கின்ர பேரை இந்த வருசம் வாசிக்க ஏலாது.”

“ஏன் ஃபாதர்? லூத்தரனுக்குப் பூசை வைக்கக்கூடாதெண்டு சட்டமா?”

“சட்டம் அப்பிடி இல்ல. ஆருக்காகவும் ஒப்புக்கொடுக்கலாம். ஆனா சாமியார் இல்லாத ஆளைச் சாமியார் எண்டு பீடத்தில நிண்டு என்னால சொல்லேலாது. அது பொய். சாமியாரை எடுத்துப்போட்டு வெறும் பாக் எண்டு வாசிச்சாலும் சிரிப்புத்தான் வரும். நான் போற இடமெல்லாம் ‘நீங்க பாக்குச் சாமியார் கோயில் ஃபாதர்தானே’ எண்டு கேக்கினம். இந்தமுறை அரைவாசிப் பேர் போனைத் தூக்கிக்கொண்டுதான் வருவினம். செத்தவங்கட நாளில கோயிலைப் பகிடிக் கூத்தாக்க விடமாட்டன்.”

அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியாமல் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமூட்டியது. பாக் சாமியாரின் சபையில் அவருக்காக மன்றாட ஆள் இல்லை என்பதைச் சொன்னேன். ஃபாதர் கொஞ்சம் யோசித்தார். அவருக்கு மனம் இளகியது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் முடியாது என்று தலையை ஆட்டினார்.

“அது நல்ல எண்ணம் அக்கா. அப்ப நீங்க வீட்டில அவருக்காக மன்றாடுங்கோ.”

“வீட்டில மன்றாடினா காணுமெண்டா கோயிலை எதுக்குக் கட்டி வச்சிருக்கிறம்?”

“கோபிக்காதைங்கோ. றேமண்ட் அண்ணன்ர பேர் இந்த வருசம் முதல்முறையா வருது. அதை வடிவா வாசிப்பம்.”

அந்த இடத்தில்தான் நான் வாயை விட்டேன். “பாக் சாமியார் இல்லாட்டி என்ட தம்பியின்ர பேரையும் வாசிக்க வேண்டாம் ஃபாதர். அவன் அவருக்குப் பின்னாலதான் வருவான். தனிய வரமாட்டான்.”

“யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“ஓம்,” என்றேன். யோசிக்கவில்லை.

வாசலைத் தாண்டி றோட்டுக்கு வந்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கு விளங்கியது. அது என் தம்பியின் பெயர் மட்டும் அல்ல. நிஷாந்தியின் புருசனின் பெயர். நிஷாந்தி பாடமாட்டாள். குழுக் கதைகள் அவளுக்குப் பிடிக்காது. ஆனால் றேமண்ட் செத்த நாளிலிருந்து அவள் நவம்பர் இரண்டாம் திகதியை எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று உடுப்பதற்கு வெள்ளைச் சேலை எடுத்து வைத்திருந்தாள். நேராக அவள் வீட்டுக்குப் போனேன். மறைத்து வைத்து வேறு யாரோ சொல்லி அவள் அறியக்கூடாது என்று நினைத்தேன்.

அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை கத்தியை வைக்கவில்லை.

“உங்கட பிடிவாதத்துக்கு என்ட மனுசன்ர பேரை ஏன் மச்சாள் அடகு வச்சனீங்க?”

“அவன்தான் கேட்டவன் நிஷாந்தி. பாக் சாமியாருக்குப் பின்னால என்ட பேர் வரோணும் எண்டு—”

“எனக்குச் சொல்லேல்ல. உங்களுக்குப் பகிடிக்குச் சொன்னதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீங்க. அவர் எல்லாத்துக்கும் பகிடிதானே விடுறவர். எனக்கு அந்த வெள்ளைக்காரன் சாமியாரோ சம்சாரியோ ஒண்டும் தேவையில்ல. கோயிலில என்ட மனுசன்ர பேரைச் சொல்லோணும். அதுக்கு எல்லாரும் பதில் சொல்லோணும். அதைக் கேக்கத்தான் இருக்கிறன்.”

“நீ போய் ஃபாதரிட்டக் கேள். நீ கேட்டா வாசிப்பார்.”

“கேக்கமாட்டன். அக்கா ஒண்டு சொல்லி, பொஞ்சாதி இன்னொண்டு சொல்லி, குடும்பம் ரெண்டுபட்டுப் போச்செண்டு கொட்டாஞ்சேனை சிரிக்கவோ? நீங்க கழட்டின பேரை நீங்களே பூட்டுங்கோ. இல்லாட்டி நத்தார்ப் பண்டிகைக்கு இந்தப் பக்கம் வராதைங்கோ.”

அவள் சொன்னதிலும் பிழை இல்லை. அந்தக் கிழமை முழுவதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போய் ஃபாதரிடம் மன்னிப்புக் கேட்டு, றேமண்டை மட்டும் வாசியுங்கள் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். இரண்டு தரம் அவருடைய இலக்கத்தைப் போனில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு தரமும் பாக் சாமியாரின் பெயரை நாங்களே வெட்கப்பட்டு ஒளிக்கிறோம் என்ற நினைப்பு வந்து கையைத் தடுத்தது. அவர் யார் என்று தெரியாமல் அந்தப் பெயரை வைத்திருந்தால் விட்டுவிடலாம். தெரிந்துகொண்டே வைத்திருந்தோம். சிரித்தார்கள் என்பதற்காக விட்டால், பிறகு நாங்கள் யார்?

கடைசிப் பயிற்சியில் துஷாந்தினி அழப் பார்த்தாள்.

“நான் அந்த வீடியோவைப் போட்டிருக்காட்டி இதொண்டும் வந்திருக்காது. எடுத்துப்போடுறன் அக்கா.”

“எடுக்காத. அது எங்கட பூசை. நாங்க ஏன் ஒளிக்கோணும்?”

இப்படி வீரமாகச் சொன்னேனே தவிர, பூசையன்று என்ன செய்வது என்று எனக்கு ஒன்றும் தெரியாது.

நவம்பர் இரண்டாம் திகதி மழை. அப்படியிருந்தும் கோயில் நிறைந்துவிட்டது. ஃபாதர் சொன்னது சரிதான். ஒருநாளும் கண்டிராத முகங்கள் பின்வரிசை வாங்குகளில் போனோடு உட்கார்ந்திருந்தன. மேல்மாடியில் நாங்கள் எங்கள் இடங்களில் நின்றோம். கீழே, பெண்கள் பக்கத்து முன்வாங்கில் வெள்ளைச் சேலையில் நிஷாந்தியின் முதுகு தெரிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

பிரசங்கத்துக்குப் பிறகு பெயர்கள். எங்கள் கோயிலில் அது எப்படி என்றால், சாமியார் ஒவ்வொரு பெயராகச் சொல்வார், ஒவ்வொன்றுக்கும் சனங்கள் எல்லோரும் சேர்ந்து ‘நித்திய இளைப்பாற்றியை அவருக்கு அளித்தருளும் ஆண்டவரே’ என்று பதில் சொல்வார்கள். தொட்டில் காலத்திலிருந்து சொல்லிப் பழகிய பதில். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் வரும்.

ஃபாதர் மைக்குக்கு முன்னால் வந்தார். போன்கள் உயர்ந்தன. அவர் நேராக எங்கள் பழைய குழுத் தலைவரின் பெயரில் தொடங்கினார். போன்கள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, ஏமாந்துபோய் ஒன்றொன்றாக இறங்கின. பெயர்கள் போய்க்கொண்டிருந்தன. எல்லாம் எனக்குத் தெரிந்த குரல்கள். எங்களுக்கு வரிசை செத்த ஒழுங்கில் என்பதால் றேமண்ட் கடைசி. அவனுக்கு முந்தின பெயரைச் சொல்லி முடித்தபோது ஃபாதர் நிறுத்தினார். தலையைத் தூக்கி மேல்மாடியைப் பார்த்தார். என்னைத்தான் பார்த்தார். இப்போதாவது தலையாட்டு, வாசிக்கிறேன் என்று அந்தப் பார்வை கேட்டது. அதற்காக அவர்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

நான் தலையாட்டவில்லை. அவர் புத்தகத்தை மூடினார்.

நிஷாந்தியின் முதுகு வளைந்தது. அதைக் கண்டதும் எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. யார்மேல் கோபம் என்று தெரியவில்லை. ஃபாதர்மேல், பின்வாங்குக்காரர்மேல், என்மேல், பதில் சொல்லவேண்டிய இடத்தில் செத்துக் கிடக்கிற என் தம்பிமேல். அடுத்து எங்கள் பாட்டு. கீபோர்ட்காரர் சுருதி கொடுத்துவிட்டார். துஷாந்தினி பாடுவதற்கு மூச்சை உள்ளே இழுத்துவிட்டாள். நான் ஒரு எட்டு முன்னால் வந்து மேல்மாடிக் கைபிடியைப் பிடித்தேன்.

“பாக் சாமியார்!”

மைக் இல்லை. இவ்வளவு காலமும் நடுவில் நின்று பாடிய குரல்தான். அது அந்தக் கோயிலின் கடைசிச் சுவர்வரை போகும் என்று எனக்கே தெரியாது.

முன்வாங்குக் கிழவிகள் தொடங்கினார்கள். யார் சொன்னது, எங்கேயிருந்து சொன்னது என்றெல்லாம் அவர்கள் பார்க்கவில்லை. பெயர் வந்தது, பதில் போனது. “நித்திய இளைப்பாற்றியை...” அவர்கள் பின்னால் நடுவாங்குகள், அவர்கள் பின்னால் மழைக்கு ஒதுங்கி வாசலில் நின்றவர்கள். எல்லாச் சத்தத்துக்கும் மேலே ஸ்பீக்கரில் ஒரு குரல். ஃபாதர் ஜொனாதன். பாவம், மைக்குக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். பாதியில்தான் அவருக்கு உறைத்தது. கண்கள் விரிந்தன. ஆனால் சொல்லத் தொடங்கிய செபத்தை எந்தக் குருவானவரால் பாதியில் விழுங்க முடியும்? “...அவருக்கு அளித்தருளும் ஆண்டவரே” என்று முழுவதும் சொல்லி முடித்தார்.

போன்கள் எல்லாம் என் பக்கம் திரும்பின. பிடியுங்கள், நன்றாகப் பிடியுங்கள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் பின்னால் யாரும் சிரிக்கவில்லை. கீழேயும் சிரிக்கவில்லை.

“றேமண்ட் சேவியர்!”

நிஷாந்தி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் முதலில் பதில் சொன்னது அவள்தான். மற்றவர்கள் வாய் திறக்குமுன்னமே, தனியாக, எழுந்து நின்று, கோயில் முழுவதற்கும் கேட்கும்படி.